சக்கரத்தின் மேல் ஒரு வீடு

திண்டுக்கல்காரர்கள் பூட்டு வாங்குகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? நாகல் நகர்ப் பக்கம் ஏதாவது ஒரு பூட்டுக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும். பூட்டைக் கையில் வாங்கியதும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள். பிறகு சாவியைப் போட்டு ஒரு தரம், இரண்டு தரம் அல்ல, ஏழெட்டுத் தரம் திருப்புவார்கள். திருப்பும்போது காதைப் பூட்டின் பக்கத்தில் கொண்டு போவார்கள். உள்ளே இருக்கும் லீவர் தகடுகள் ஒன்று போல் விழுகின்றனவா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். அதோடு விட்டார்களா? பக்கத்துப் பூட்டின் சாவியை வாங்கி இதிலே போட்டுப் பார்ப்பார்கள். அது திறக்கவில்லை என்றால்தான் பணப்பை திறக்கும்! 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அல்லவா? வாங்குகிறவர்களும் அதற்குத் தக்கவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலே பிறந்து வளர்ந்த என் அத்தான், அறுநூறு ரூபாய்ப் பூட்டுக்கு அரை மணி நேரம் செலவழிக்கிறவர், ஒன்பது லட்சம் ரூபாய் வண்டி ஒன்றைப் பத்தே நிமிஷத்தில் வாங்கிவிட்டார். இந்த வாரம் அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வண்டி வாங்குவது ஆண்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. அந்த வண்டிக்குள் உட்காருகிறவர்கள் நாம்தானே!

அத்தான் வாங்கியது சாதாரண வண்டி அல்ல. சினிமாக்காரர்கள் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஓய்வெடுக்க வைத்திருப்பார்களே, கேரவன், அந்த ஜாதியைச் சேர்ந்தது. உள்ளே படுக்கை, சின்ன சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பின்பக்கத்துச் சுவர் முழுவதும் ஒரே கதவு. அதை மேலிருந்து கீழே சாய்த்தால் தரையைத் தொடும் பலகையாகிவிடும்.

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிக்கு 'டாய் ஹாலர்' என்று பெயர். 'விளையாட்டுச் சாமான் சுமக்கும் வண்டி' என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். அங்கே பின்பக்கம் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, முன்பக்கம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, மலைக்கும் பாலைவனத்துக்கும் விடுமுறை கழிக்கப் போகிறார்கள். ஆனால் மோட்டார் சைக்கிளையே தொடாதவர்கள் சிலரும் இதைத் தேடி வாங்குகிறார்கள். யார் தெரியுமா? சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள். மோட்டார் சைக்கிள் ஏறும் பலகையில் சக்கர நாற்காலியும் ஏறும் அல்லவா?

அத்தானுக்கு வண்டி தேவைப்பட்டதும் அதற்காகத்தான்.

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான்கு வருஷங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் ஞாபகமும் பழையபடி கணீரென்று இருக்கின்றன. பாட்டரி சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் சுற்றி வருவார். ஆனால் வெளியே போவதென்றால் காரில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்க வேண்டும். இப்படி நாலைந்து தரம் போய் வந்தபின், "நான் என்ன அரிசி மூட்டையா? என்னைத் தூக்கி ஏத்தி இறக்கினது போதும், தம்பி. நான் எங்கேயும் வரலை" என்று சொல்லிவிட்டார். அன்றோடு கோயில், கல்யாணம், பிறந்த வீடு எல்லாம் நின்றுபோயின.

அம்மாவை நாற்காலியோடு ஏற்றி நாற்காலியோடு இறக்க வேண்டும் என்பது அத்தானின் ஒரே எண்ணம். ஒருவர் மூலம் விற்பனைக்கு வந்தது அந்தப் பழைய வேன். யாரோ ஒருவர் தம் உபயோகத்துக்காகக் கட்டிக்கொண்டதாம். எந்த ஊர்ப் பட்டறையில் கட்டியது என்பது நமக்கு வேண்டாம். உள்ளே நுழைந்ததும் நீல விளக்கு, வெல்வெட் மெத்தை, தேக்கு நிறத்தில் பளபளக்கும் சுவர். அத்தான் மயங்கிவிட்டார். பின்கதவை ஒரு தரம் இறக்கி ஏற்றிக் காட்டினார்கள். பணம் கை மாறியது. அக்காவை அழைத்துக்கொண்டு போகவே இல்லை!

* * *

ஐப்பசியில் வத்தலக்குண்டில் அத்தையின் தம்பி பேத்திக்குக் கல்யாணம். நானும் சென்னையிலிருந்து போயிருந்தேன். அத்தை இரண்டு வருஷத்துக்குப் பிறகு அரக்குப் பட்டு உடுத்தியிருந்தார். நாற்காலியோடு வண்டிக்குள் ஏறியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

செம்பட்டி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கூரையில் விளக்கு மாட்டியிருந்த ஓட்டை வழியாகச் சொட்டச் சொட்ட ஆரம்பித்தது. அக்கா ஒரு துண்டைப் பிடித்தாள். பிறகு ஒரு பாத்திரத்தைப் பிடித்தாள். பட்டுப் புடவையின் தோள்பக்கம் நனைந்துவிட்டது. "விடு தாயி, மழைதானே" என்றார் அத்தை.

கல்யாண மண்டப வாசல் சற்றே மேடும் பள்ளமுமான இடம். வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறக்கப் போனால், திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசைந்து கொடுக்கவில்லை. டிரைவர் இழுத்தார், அத்தான் இழுத்தார், மேளக்காரர்களில் ஒருவர்கூட வந்து இழுத்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. உள்ளே முகூர்த்த மேளம் கொட்டுகிறது. கடைசியில் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக நான்கு பேர் அத்தையைத் தூக்கித்தான் இறக்கினார்கள். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும் வழியில் அத்தானும் பேசவில்லை. ஒன்பது லட்சம் போனதல்ல அவருக்கு வருத்தம். மூட்டையாகத் தூக்கக்கூடாது என்று வாங்கிய வண்டியிலிருந்து, ஊர் பார்க்க மூட்டையாகத் தூக்கும்படி ஆயிற்றே!

* * *

பிறகு வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். தேக்கு நிறப் பலகையைக் கழற்றியதும் உண்மை வெளியே வந்தது. கூரைத் தகடுகள் சேரும் இடத்தில் பசைப் பூச்சு வெடித்து, எத்தனையோ மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. தரைப் பிளைவுட் ஓரங்களில் ஊறி உப்பியிருந்தது. சட்டத்தின் இரும்புக் குழாய்கள் அடியில் துருப்பிடித்திருந்தன. துருவின் மேல் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மேலே வெல்வெட் ஒட்டியிருந்தார்கள். அவ்வளவு கனமான பின்கதவுக்குக் கீல்களைக் கெட்டியான சட்டத்தில் வைக்காமல் மெல்லிய தகட்டில் பற்றவைத்திருந்தார்கள். சட்டம் நாளடைவில் மூலைமட்டம் தப்பியிருக்கிறது. மேடு பள்ளத்தில் நின்றதும் வண்டி சற்று முறுக்கிக்கொள்ள, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது.

எனக்கு அன்று புரிந்த விஷயம் இதுதான். வண்டி வாங்கினவரின் திருப்தி மெத்தையில் இல்லை, திரைச்சீலையில் இல்லை, நீல விளக்கிலும் இல்லை. தகட்டை மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். மூடியாகிவிட்டதென்றால் வேறு வழியில் சோதிக்க வேண்டும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்து எல்க்ஹார்ட் என்ற ஊரை இந்த வண்டிகளின் உலகத் தலைநகரம் என்கிறார்கள். அந்த வட்டாரத்தில்தான் வீட்டு வண்டிகளில் பெரும்பங்கு தயாராகின்றன. அங்கேயும் வாங்கினவர்கள் வாயில் அடிக்கடி வரும் குறை, கூரையிலும் ஜன்னல் ஓரத்திலும் தண்ணீர் கசிகிறது என்பதுதான். ஆகவே சில மாதங்களுக்கு ஒரு தரம் மேலே ஏறிப் பூச்சைப் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லியே அனுப்புகிறார்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்குக் கூலி கொடுத்து, வண்டியைச் சோதித்த பிறகே பணம் கட்டுகிற வழக்கமும் அங்கே இருக்கிறது.

நம்மால் என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? நிறைய முடியும். அதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். பூட்டு வாங்குகிற புத்தி போதும்.

முதலில் தண்ணீர்ச் சோதனை. ஒரு ரப்பர் குழாயை எடுத்து, கூரையிலும் ஜன்னல் ஓரங்களிலும் இருபது நிமிஷம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். பிறகு மூக்கை உபயோகியுங்கள். மழைக்காலத்தில் காயாத துணியைப் பெட்டியில் வைத்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை அலமாரிக்குள் அடித்தால் பலகை ஊறியிருக்கிறது என்று அர்த்தம். சுவர் ஓரமாகவும் கதவுப் பக்கமாகவும் தரையைக் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். மெத்தென்று இறங்கினால் கீழே பலகை போய்விட்டது.

அடுத்தது காந்தம். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்போமே, அந்தச் சின்னக் காந்தத்தைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டின் மேல் நெடுக வைத்துக்கொண்டே வந்தால், பட்டியைத் தடிமனாக அப்பிய இடத்தில் பிடிக்காமல் வழுக்கும். அலுமினியம், பைபர் இரண்டிலும் இந்த வித்தை பலிக்காது. இரும்புக்கு மட்டும்தான்.

மூன்றாவது நூல். பின்கதவைத் திறந்து வைத்து, நிலைச் சட்டத்தின் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மற்ற இரண்டு மூலைக்கும் அதே நூலைப் பிடியுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் மட்டமாக இருக்கிறது. வித்தியாசம் தெரிந்தால் சட்டம் கோணியிருக்கிறது, இன்றில்லாவிட்டாலும் நாளை கதவு சிக்கும். எங்கள் அத்தான் பத்துப் பைசா நூலால் பார்த்திருந்தால் வத்தலக்குண்டில் அந்த அவமானம் நேர்ந்திருக்காது.

டயரையும் விட்டுவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 3523 என்றிருந்தால் 2023-ஆம் வருஷம் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாமல் நின்றே கிடக்கும் வண்டியில் டயரின் பூ தேயாமல் புதிதாகத்தான் தெரியும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும்.

* * *

அடுத்தது எடை. இதில் ஏமாறாதவர்கள் குறைவு.

1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், பொழுதுபோக்காக ஊர் சுற்றுவதற்கென்றே ஒரு வீட்டு வண்டி கட்டச் சொன்னார். பிரிஸ்டல் நகரத்து வண்டிக் கம்பெனி கட்டிக் கொடுத்தது. பார்க்க அரண்மனை மாதிரி இருந்ததாம். எடை ஏறக்குறைய இரண்டு டன்! இழுத்தவை பாவம், இரண்டே குதிரைகள். நம் முன்னோர்கள் பழனிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனபோது, மாட்டின் முகத்தைப் பார்த்துத்தான் மூட்டையை ஏற்றினார்கள். மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவரும் எச்சரித்திருக்கிறார். மோட்டார் வண்டிக்கு முகம் இல்லாததால் நாம் மறந்துவிடுகிறோம்.

வண்டியின் ஆர்.சி.யில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று வெற்று எடை, இன்னொன்று ஆளும் சாமானும் ஏற்றிய பின் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. எங்கள் வேனுக்கு அதிகபட்சம் 3,500 கிலோ. காலி வண்டியை எடைமேடையில் நிறுத்தினோம். 3,020 என்று காட்டியது! கட்டிலும் அலமாரியும் பாட்டரியும் அவ்வளவு தின்றிருந்தன. மீதி 480 கிலோ. இதில் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. அத்தையின் நாற்காலி 60 கிலோ. ஆறு பேர் ஏறினால் சுமார் 380 கிலோ. கூட்டிப் பாருங்கள், 590 ஆகிறது. புடவைப் பெட்டியும் புளியோதரைப் பாத்திரமும் ஏறுவதற்கு முன்பே 110 கிலோ அதிகம். பிரேக்கும் டயரும் பின் சட்டமும்தான் இதற்குக் கூலி கொடுக்கின்றன.

ஆகவே வாங்குமுன் காலி வண்டியை எடைமேடைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். ஆகிற செலவு அற்பம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலிக்காக வாங்குகிறவர்கள் சாய்தளத்தின் சரிவையும் கணக்குப் பார்க்க வேண்டும். கட்டிடங்களில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்பது விதி. வண்டியின் தரை 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த விதிப்படி பலகை 720 சென்டிமீட்டர் வேண்டும். வண்டியே அவ்வளவு நீளம் இல்லை! அதனால் வண்டிகளில் சரிவு அதிகமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வேனின் பலகை 150 சென்டிமீட்டர்தான் இருந்தது. அது சாய்தளம் அல்ல, சறுக்கு மரம். இப்போது இரண்டாக மடங்கும்படி 240 சென்டிமீட்டருக்குப் போட்டு, நாற்காலியை மெதுவாக இழுக்க ஒரு சின்ன மின்சார விஞ்ச்சும் வைத்திருக்கிறார்கள். பின்னால் ஓர் ஆள் பிடித்துக்கொண்டே வருகிறார். உள்ளே ஏறியதும் நாற்காலியை நான்கு இடத்தில் பட்டையால் தரையோடு கட்டுகிறார்கள். உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக ஒரு பட்டை. முன்பு இது ஒன்றுமே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நெருப்பு விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது ஞாபகம் இருக்கிறதா? லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். பெட்டிக்குள் கொண்டு வந்த காஸ் சிலிண்டர்தான் காரணம் என்றார்கள். ஓடுகிற வீட்டில் அடுப்பு வேண்டும் என்று ஆசைப்படுவது நாம்தான். அதனால் சொல்கிறேன். வீட்டுச் சிலிண்டரை வண்டிக்குள் வைக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, திறந்த வெளியில் சமைத்தால் ருசி குறைந்துவிடாது. கதவுகள் எல்லாம் உள்ளிருந்து திறக்கின்றனவா, விளக்கை அணைத்த இருட்டிலும் கைக்கு எட்டுகின்றனவா என்று நீங்களே திறந்து பாருங்கள். நடக்க முடியாத ஒருவர் உள்ளே இருக்கும் வண்டிக்கு இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும்.

* * *

காகிதங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேரவன் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தர விதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வசதிக்காக வண்டியை மாற்றி அமைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். எங்கள் வேனின் ஆர்.சி.யில் அது வெறும் பயணிகள் வேன் என்றே இருந்தது. படுக்கையும் பலகைக் கதவும் அதில் இல்லை. இப்படிப்பட்ட வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. ஆகவே ஆர்.சி.யில் எழுதியிருப்பதும் கண்ணெதிரே நிற்பதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள்.

புது வண்டியோ புதிதாகக் கட்டுவதோ ஆனால், தகடு, குழாய், பலகை என்ன தரம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். குறை வந்தால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் யோசனை சொல்வார்கள். ஆனால் எங்கள் அத்தானைப்போல் வியாபாரி அல்லாத தனி மனிதரிடம் பழைய வண்டி வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுப்பது கஷ்டம். அங்கே உங்கள் கண்தான் சட்டம்.

ஏற்கெனவே வாங்கினவர்களை விசாரிப்பது நல்லதுதான். ஆனால் "திருப்தியா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். வாங்கி ஒரு மாதம் ஆனவர் யாரும் தம் பணம் வீண் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு கோடையும் ஒரு அடைமழையும் பார்த்தவரிடம் போங்கள். "இதுவரை எதையெல்லாம் மாத்தினீங்க? மழையில எங்கே ஒழுகுச்சு? மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல உள்ளே உட்கார முடியுதா? இன்னொரு வண்டி வாங்கினா எதைக் கேட்டு வாங்குவீங்க?" என்று கேளுங்கள். அவருடைய மனைவியைத் தனியாகக் கேளுங்கள். ஐயா சொல்லாமல் விட்டதெல்லாம் அம்மாவிடம் இருக்கும்!

* * *

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அத்தான் வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்றார். அக்கா ஒப்பவில்லை. "வித்தா இன்னொருத்தர் வீட்டு அம்மா இதுக்குள்ள மாட்டிக்குவாங்க. நாமே சரி பண்ணுவோங்க" என்று சொல்லிவிட்டாள். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடந்து அனுமதி வாங்கினார்கள். அதற்கே மூன்று மாதம் ஆயிற்று. பிறகு வண்டி கரூருக்குப் போயிற்று.

கரூரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர், அரவக்குறிச்சி வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். கம்பெனியிலிருந்து எஞ்ஜினும் அடிச்சட்டமுமாக வரும் வண்டிகளுக்கு உடம்பு கட்டுகிற ஊர். தென்னாட்டில் ஓடும் தனியார் பஸ்களில் மிகப் பல அங்கே உடம்பு கட்டிக்கொண்டவைதாம். அக்கா வாரம் ஒரு தரம் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போய் நின்றாள். துருப்பிடித்த குழாய்களை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டபோது ஒரு படம், துருத் தடுப்புப் பூச்சு அடித்தபோது ஒரு படம், கூரைப் பூச்சு வைத்தபோது ஒரு படம் என்று செல்போனில் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கட்டமும் பார்த்த பிறகே தகட்டை மூட விட்டாள். பணத்தையும் அப்படியே நான்கு தவணையாகக் கொடுத்தாள். முதல் நாள் முகத்தைச் சுளித்த மேஸ்திரி மூன்றாவது வாரம், "அம்மா, இந்த மூலையை நீங்க பாக்காம மூடமாட்டோம், வந்து பாருங்க" என்று போன் செய்து கூப்பிட்டாராம். நல்ல வேலைக்காரருக்குத் தம் வேலையைப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் சந்தோஷந்தான்.

பாரத்தைக் குறைக்க ஒரு கட்டிலையும் அலமாரியையும் எடுத்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி பாதியாயிற்று. நீல விளக்கு, வெல்வெட் எல்லாம் போயின. பார்வைக்கு வண்டி இப்போது சாதுவாக இருக்கிறது.

அத்தையை மறுபடி ஏறச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "போதும்டா தம்பி" என்பதற்கு மேல் பேச்சில்லை. அக்கா ஒன்றும் வற்புறுத்தவில்லை. தினம் சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, தானே காலி நாற்காலியை ஏற்றி இறக்கினாள். அத்தை திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, "ஏத்தா, அந்தக் கதவு இன்னொரு தரம் இறங்குதா பார்ப்போம்" என்றார். இறங்கியது. "மேட்டுல நிறுத்தி இறக்கு." இறங்கியது. "உள்ளேயிருந்து?" அதுவும் இறங்கியது.

போன மாதம் நான் திண்டுக்கல் போயிருந்தபோது எல்லோருமாக நிலக்கோட்டைக்குப் போனோம். அத்தை பிறந்த தோட்டத்தில் மல்லிகை பறித்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவு இறங்கிற்று. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாமாக வரப்பு ஓரம் வரை போனார். யாரும் அவரைத் தொடவில்லை. நான் பக்கத்தில் போனேன். இடது கையால் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

திரும்பும் வழியில், ஆளில்லாமல் நிறுத்தும்போது போட வண்டிக்கு வெளியே ஒரு பூட்டு வேண்டும் என்று அத்தான் நாகல் நகரில் நிறுத்தினார். கடைக்காரர் பூட்டை வண்டிக்குள்ளேயே கொண்டு வந்து கொடுத்தார். அத்தை அதை மடியில் வைத்து, இடது கையால் சாவியை ஏழெட்டுத் தரம் திருப்பினார். காதருகே வைத்துக் கேட்டார். பக்கத்துப் பூட்டின் சாவியையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, வண்டியையும் இப்படித்தானேப்பா பார்த்து வாங்கியிருக்கணும்?" என்றார்.

அத்தான் வாயைத் திறக்கவில்லை. அக்கா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.